ரசத்தில் விழுந்த நாவல்

"எனக்குத் தனிமை ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கவனித்துப் பாருங்கள், அதை அவர்கள் யாராவது ஒருவரிடம்தான் சொல்வார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் அதைச் சொல்லிப் பார்த்தவன் நான். அங்கே அந்த வாக்கியம் எடுபடாது.

நானும் ஒரு காலத்தில் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அப்போது திருச்சியில் இருந்தோம். வீட்டில் மனைவி வசந்தா, மகள் நித்யா, அவளுடைய தோழிகள், வசந்தாவிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள், டியூஷன் முடியும்வரை எங்கள் சோபாவில் உட்கார்ந்து எங்கள் டிவியைப் பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்று எந்நேரமும் சந்தைக்கடை. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். அங்கே எதிர்வீட்டுக்காரர் துணி காயப்போட்டபடி மகன் வேலை பற்றிப் பேசுவார். "ஐயோ, கொஞ்சம் தனியா விடுங்களேன்" என்று மனதுக்குள் கத்துவேன். கூட்டமான வீட்டில் உட்கார்ந்து தனிமையைப் புகழ்வது, வயிறு நிறையச் சாப்பிட்டவன் பட்டினியின் மேன்மையைப் பேசுவது மாதிரி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த வங்கியில் மேனேஜர் பதவி கொடுத்தார்கள். கூடவே கடப்பாக்கத்தையும் கொடுத்தார்கள். திருச்சியிலிருந்து கிளம்பி மதுராந்தகத்தில் இறங்கி, செய்யூர் வழியாக ஆடி அசைந்து போகும் பஸ்ஸில் ஏறி, இனிமேல் போனால் கடல்தான் என்கிற இடத்தில் இறங்க வேண்டும். அதுதான் ஊர்.

"ப்ரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்களேன். தனியா எப்படி இருப்பீங்க?" என்றாள் வசந்தா. அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, நித்யாவுக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டு பேரும் வர முடியாது.

நான் சிரித்தேன். (நினைத்தால் இப்போதும் அந்தச் சிரிப்பை அறையத் தோன்றுகிறது.) "வசந்தா, எனக்கு மனுஷங்க வேண்டாம். புத்தகம் போதும். நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திக் கவலையே படாதீங்க" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சினன் அதைக் கேட்டு மனம் உருகிப்போய், தான் உபயோகித்துக்கொண்டிருந்த ஈ-ரீடரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான்.

அப்போது நம் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. சிலேட்டு அளவுக்கு இருக்கும், ஆனால் மெலிசு. திரை ஒளிராது, அச்சடித்த காகிதம் போலச் சாதுவாக இருக்கும். உள்ளே ஓர் அலமாரி நிறைய ஆங்கில நாவல்கள். தமிழ்க் கதை ஒன்றையும் ஏற்றிப் பார்த்தேன். வரிக்கு வரி வெறும் கட்டங்களாக வந்தது. (ஏதோ புதுக்கவிதைச் சோதனை முயற்சி போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இந்தச் சிலேட்டை நம்பித்தான் நான் கடப்பாக்கத்தில் இறங்கினேன்.

பகல் ஒன்றும் தெரியாது. நகைக்கடன், படகுக் கடன், இறால் பண்ணைக் கடன் என்று போய்விடும். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பஸ் வரும். என் கிளர்க், கேஷியர், பியூன் மூன்று பேரையும் வழித்து அள்ளிக்கொண்டு மதுராந்தகம் பக்கம் போய்விடும். அதன் புழுதி அடங்கும்போது ரோட்டில் நான் மட்டும் நிற்பேன். பிறகு ஆலம்பரைக் கோட்டை வரை நடப்பேன். மூன்று பக்கம் சுவர் இடிந்து, உப்பங்கழியைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கோட்டைக்கும் எனக்கும் ஒரு நெருக்கம் ஏற்பட்டிருந்தது. இரண்டு பேருக்கும் பட்டம் பெரிது. உள்ளே யாரும் கிடையாது.

எட்டு மணிக்கு வசந்தாவிடமிருந்து போன் வரும்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

"இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல."

அதோடு வானிலை அறிக்கை முடிந்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "சரி, வெச்சிடட்டுமா?" என்பாள். "ம்" என்பேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் மனுஷர்களே வேண்டாம் என்று சொற்பொழிவு ஆற்றியவன், எந்த முகத்தோடு இரண்டாவது தடவை போன் பண்ணுவான்?

சாப்பாடு தனபால் மெஸ்ஸில். தண்ணீர் ஜக்கில் ஈ-ரீடரைச் சாய்த்து வைத்து, படித்துக்கொண்டே சாப்பிடுவேன். தனியாகச் சாப்பிடுபவனைப் பார்த்தால் நாலு பேர் இரக்கப்படுவார்கள். படித்துக்கொண்டு சாப்பிடுபவனைப் பார்த்தால் நாலு பேர் ஒதுங்கிப் போவார்கள். ஒதுங்குவதே எனக்குக் கௌரவமாகப் பட்டது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சுச் சத்தம் தாழும். தனபால் டிவி சத்தத்தைக் குறைப்பார். வங்கி மேனேஜருக்கு இந்த ஊரில் என்ன ஒரு மரியாதை என்று உள்ளூரப் பூரித்துக்கொள்வேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் நாவலில் முக்கியமான கட்டம். கொட்டும் மழையில் கதாநாயகன் ராபர்ட் ஒரு தனி வீட்டின் முன்னால் வந்து நிற்கிறான். கதவைத் தட்டக் கையை உயர்த்துகிறான். அப்போது உள்ளேயிருந்து... என்று பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்துக்கு இடது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கை ரசம் சாதத்தில் இருந்தது. அவசரத்தில் இடது முழங்கை ஜக்கை இடிக்க, ஜக்கு நகர, ஈ-ரீடர் என் இலையில் குப்புற விழுந்தது. நன்றாக, நடு ரசத்தில்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். துடைத்திருக்கலாம். ஆனால் சாப்பிட்ட இலையில் விழுந்த சாமான் எச்சில் பட்ட சாமான். எச்சில் பட்டதை என்ன செய்ய வேண்டும் என்பது என் அறிவுக்குப் போய்த் திரும்புகிற கேள்வியே இல்லை. அது கைக்கே தெரியும். என் கை அதை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனது. குழாயைத் திறந்தது. முன்னும் பின்னும் திருப்பித் தேய்த்துக் கழுவியது. பக்கத்தில் ஒரு சோப்புத் துண்டு இருந்தது, அதையும் விடவில்லை.

"சார்... சார்! இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க!" என்று தனபால் கரண்டியோடு ஓடி வந்தார். "அது கரண்டு சாமானு சார்!"

"எச்சில் பட்டுடுச்சு" என்றேன், கழுவிக்கொண்டே.

"பட்டா கழுவணும்தான். அதுக்குன்னு டிவி மேல சாம்பார் தெறிச்சா டிவியத் தூக்கி கெணத்துலயா போடுவீங்க?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. குழாயை மூடி, கைக்குட்டையால் துடைத்து, பயந்துகொண்டே திரையைப் பார்த்தேன். பக்கம் பளிச்சென்று அப்படியே இருந்தது! சோப்புப் போட்டதால் முன்னைவிடத் தெளிவாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். "பாத்தீங்களா தனபால், ஒண்ணும் ஆகல" என்று பெருமையாகப் பொத்தானை அழுத்தினேன். ராபர்ட் கையைத் தூக்கியபடி நின்றான். மறுபடி அழுத்தினேன். நின்றான். அன்று ராத்திரி சார்ஜில் போட்டு அழுத்தியபோதும் நின்றான்.

அந்த வகைக் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். உயிர் போன பிறகும், கடைசியாகக் காட்டிய பக்கம் அப்படியே திரையில் தங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. (அரசு அலுவலகங்களில் இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.)

எட்டு மணிக்கு போன் வந்தது. சாப்பாடு, மழை எல்லாம் முடிந்தது. மூச்சுச் சத்தம் வர வேண்டிய இடத்தில் வசந்தா, "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்றாள்.

இருந்த ஒரே துணையையும் சோப்புப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப சாயங்காலமெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று வரும். அதனால் ராபர்ட் கதையைச் சொன்னேன், மழையில் கதவு முன்னால் கையைத் தூக்கும்வரை.

"அப்புறம்?"

"அப்புறம்..." வெற்றுச் சுவரைப் பார்த்தேன். "கதவு தானா திறந்துச்சு."

"யாரு தெறந்தா?"

"ஒரு அம்மா. பேரு மார்கரெட்."

"என்ன வயசு இருக்கும்?"

"நம்ம வயசுதான்."

"தனியாவா இருக்கா? புருஷன் எங்க?"

பள்ளிக்கூட வாத்தியாரம்மாவிடம் கதை சொல்வது லேசான காரியமில்லை. கேள்வி கேட்டே கதையை வரவழைத்துவிடுவாள். புருஷன் கப்பலில் போனவன் திரும்பவில்லை என்றேன். ராபர்ட்டுக்கும் அந்தக் கப்பலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, ஆனால் அது இன்னும் வரவில்லை என்றேன். போனை வைத்தபோதுதான் கவனித்தேன், அரைமணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

மறுநாள் எட்டு மணி அடிப்பதற்கு முன்பே போன் வந்தது. சாப்பாட்டையும் மழையையும் அவள் விசாரிக்கவே இல்லை. "மார்கரெட் என்ன ஆனா?" பின்னாலிருந்து நித்யா, "அம்மா, ஸ்பீக்கர்ல போடு!" என்று கத்துவது கேட்டது.

அப்போதுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. ஈ-ரீடர் போனது பெரிதில்லை. அது போனது தெரிந்தால் இந்த அரைமணி நேரமும் போய்விடும். மறுபடி மழையா, இங்கயும் இல்ல, வெச்சிடட்டுமா. அதற்குப் பயந்துதான் நான் நாவலாசிரியன் ஆனேன். எழுதுவதற்கு இதைவிட மோசமான காரணங்கள் இருக்கலாம். இதைவிட அவசரமான காரணம் இருக்காது.

பகலெல்லாம் நகைக்கடன் கொடுத்துக்கொண்டே சாயங்கால அத்தியாயத்தை யோசிப்பேன். ஆனால் எனக்கு இங்கிலாந்தைத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கடப்பாக்கம்தான். அதனால் மார்கரெட்டின் கிராமத்தில் ஓர் இடிந்த கோட்டை வந்தது. சவுக்குத் தோப்பு வந்தது. புதன்கிழமை, பேச்சு வேகத்தில், ராபர்ட்டை ஓர் இறால் பண்ணை வழியாக நடக்க வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, வசந்தா ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை, மார்கரெட் தினமும் சாயங்காலம் ரோட்டுக்கு வந்து, ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் கடைசி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். (தன் கதைக்குத் தானே அழுகிற எழுத்தாளர்களை அதுவரை கேலி செய்துகொண்டிருந்தேன்.)

வசந்தா, "பாவங்க அவ" என்றாள்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் காதர் பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். தனபால் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பாய் மாடியேறி வந்தார்.

"இன்னா சார், இதுக்குப் போயி பேஜாராயிக்கினு. குடுங்க இப்டி. எங்க மருமவன் செல்லு கெணத்துல வுழுந்துச்சி. அரிசி மூட்டைக்குள்ள சொருவி வெச்சோம், பொழச்சிக்கிச்சி. அரிசி தண்ணிய உறிஞ்சிரும் சார்."

"எத்தனை நாள் வைக்கணும்?"

"சனிக்கெழம வரைக்கும் மூட்டைய யாரும் தொடக்கூடாது. வூட்ல சொல்லிட்றேன்."

அவர் வீட்டு அரிசி மூட்டைக்குள் ஈ-ரீடர் அடக்கமாயிற்று.

வெள்ளிக்கிழமை போனில் வசந்தா சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்கு நானும் நித்யாவும் கிளம்பி வர்றோம். மத்தியானம் வந்துடுவோம். மீதிக் கதைய நானே படிச்சுக்கறேன். நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்குத் தாங்காது."

எனக்கு வேர்த்துவிட்டது. ஈ-ரீடர் வேலை செய்யாவிட்டால் மாட்டினேன். வேலை செய்தாலோ இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நிஜமான நாவலில் மார்கரெட் இருக்க மாட்டாள், இறால் பண்ணை இருக்காது, கதவைத் திறப்பது ஒரு போலீஸ்காரனாகக்கூட இருக்கலாம். அன்று இரவு, அரிசி மூட்டைக்குள் இருக்கும் கருவி பிழைக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கும் அப்படி ஒரு விண்ணப்பம் போயிருக்காது.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, மனைவியையும் மகளையும் பஸ் ஸ்டாப்பில் வரவேற்று, மாடியில் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்தேன். வசந்தா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் என் துண்டு.

"ரீடர் எங்கப்பா?" என்றாள் நித்யா.

"கீழ... சார்ஜ் போட்டிருக்கேன். இரு, எடுத்துட்டு வரேன்."

கீழே ஓடி, பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "மூட்டயா சார்? இன்னிக்கி எங்க வூட்டு கஞ்சி மொறயாச்சே. காலைலயே பள்ளிவாசலுக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்க."

அது ரம்ஜான் மாதம். நோன்பு திறப்பதற்கான கஞ்சியைப் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் அரிசி கொடுப்பார்கள். சனிக்கிழமை காதர் பாயின் முறை. பாய் மூட்டையை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொன்னது உண்மைதான். அதைத் தொட்டவர் அவரேதான். நல்ல காரியம் என்றதும் சிலேட்டு மறந்துபோயிருக்கிறது.

"எந்த மூட்டைங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வசந்தா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல... நோன்புக் கஞ்சி. இந்த ஊர்ல ரொம்ப விசேஷம். போய் ஒரு தூக்குல வாங்கிட்டு வரேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நாங்களும் வர்றோமே" என்றாள்.

பள்ளிவாசலின் பக்கவாட்டில் கொட்டகை. அண்டாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பாத்திரங்களோடு பாதி ஊர் வரிசையில் நின்றது. எல்லா ஜாதி, எல்லா மதமும் இருந்தது. ஆனால் யாரும் அண்டாவைப் பார்க்கவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஈ-ரீடர். கையை உயர்த்திய ராபர்ட்டோடு.

இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசைக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "ஒரு ஆளு கதவத் தட்டப் போறான். மழ பேஞ்சிக்கினு கீது. அவ்ளோதான். அப்பால ஒண்ணுங் காணோம்."

"தட்னானா இல்லியா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதான் சொல்றனே, காணோம்னு."

காதர் பாய் என்னைப் பார்த்துவிட்டார். நான் கண்ணால் கெஞ்சினேன். அந்தக் கெஞ்சலை அவர் கவலை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"சார்! வந்துட்டீங்களா! மன்னிச்சிருங்க சார், சுத்தமா மறந்துட்டேன். அரிசியக் கொட்டும்போது அண்டாவுல தொபுக்குன்னு வுழுந்துச்சி. நல்லவேள, அடுப்பு பத்த வெக்கல. எடுத்து நல்லாக் கழுவி வெச்சிட்டோம்."

ஒரே வாரத்தில் இரண்டாவது குளியல்.

பாய் வசந்தாவிடம் திரும்பினார். "சாரோட சம்சாரமா? வாங்கம்மா. ஒண்ணும் கவலப்படாதீங்க. திங்கக்கெழம ரசத்துல வுழுந்ததுலேர்ந்து இது இந்தப் பக்கத்தவுட்டு நவுரவே மாட்டேங்குது. இன்னும் ஒரு வாரம் அரிசில வெச்சிப் பாக்கலாம்."

"திங்கக்கெழமையா?" என்றாள் நித்யா.

"ஆமா பாப்பா" என்று தூக்கோடு முன்னால் வந்தார் தனபால். இவரை நான் கவனிக்கவே இல்லை. "எங்க மெஸ்லதான். அன்னிலேர்ந்து உங்கப்பா படற பாடு இருக்குதே! சிலேட்டு இல்லாம எங்க பாக்கறதுன்னு தெரியாம செவுத்தப் பாத்துக்கினே துன்றாரு. பாவம்."

பாவம் என்று அவர் சொன்னதும் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடன் கேட்டு என் முன்னால் கைகட்டி நின்றவர்கள்.

"நீங்கல்லாம் அவருகிட்ட பேசக்கூடாதாங்க?" என்று வசந்தா கேட்டாள். மிகவும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

தனபால் பதறிவிட்டார். "எப்பிடிம்மா பேசறது! சாரு பெரிய ஆபீசர் பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறாரு! வந்த நாள்லேர்ந்து புஸ்தகத்துலேர்ந்து கண்ண எடுக்கல. நாங்க ஒரு வார்த்த பேசி, அவரு ஃபெயிலாயிட்டா அந்தப் பாவம் எங்களுக்குத்தான. சாரு வந்தா டிவியக்கூட கொறச்சி வெப்பேன். ஊர் பூராவும் சொல்லி வெச்சிக்கீறேன், சார யாரும் தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

என்ன மரியாதை என்று நான் பூரித்துப் போனதெல்லாம் இதுதான். ஓர் ஊர் மொத்தமும் சேர்ந்து, நல்ல மனதோடு, நான் பாஸாக வேண்டும் என்று, மாதக்கணக்கில் என்னிடம் பேசாமல் இருந்திருக்கிறது.

கஞ்சியை நிறைய ஊற்றிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் நித்யா வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். மாடி அறைக்குள் நுழைந்ததும் வெடித்துச் சிரித்துவிட்டாள். "அப்பா! அப்ப மார்கரெட்? அந்தக் கோட்டை? எல்லாம் நீங்களா?"

"கொஞ்சம்... நானாத்தான்."

"கொஞ்சமா!"

ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. வசந்தா அதில் கஞ்சியை ஊற்றி நித்யாவிடம் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் தூக்கின் மூடியிலும் டம்ளரிலும் ஊற்றினாள். திட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"லண்டன் பக்கத்துல ஏதுடா இறால் பண்ணைன்னு புதன்கெழமையே நெனைச்சேன்" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?"

டம்ளரில் இருந்த கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க பேசினீங்களே. அதான்."

கஞ்சி சூடு என்று சொல்லி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மார்கரெட் அந்த பஸ்ஸப் பார்த்துக்கிட்டு நிக்கறாள்னு சொன்னீங்க இல்ல, அன்னைக்கு ராத்திரி லீவு லெட்டர் எழுதினேன். மத்தியானம் வந்து பார்த்தா அந்த ஸ்டாப்தான்னு தெரிஞ்சிது" என்றாள். பிறகு, "எனக்கும் அங்க எட்டு மணிக்கு மேல பேச ஆளில்லைங்க. டியூஷன் பிள்ளைங்க போனதும் நித்யாவும் படிக்க உக்காந்துடுவா, வீடு அமைதியாயிடுது. நீங்கதான் நிம்மதியா படிச்சுக்கிட்டு இருக்கீங்களேன்னு தொந்தரவு பண்ணாம வெச்சிடுவேன்."

ஆக தனபாலுக்கும் என் மனைவிக்கும் ஒரே எண்ணம்தான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். மாலை அங்கிருந்தே அவர்களைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், அங்கே ரயில். பஸ் கிளம்பிப் போன பிறகு, கடற்கரைச் சாலையில் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு கடப்பாக்கம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு தனியாக அதற்கு முன் நின்றதில்லை.

அடுத்த மதியம் மெஸ்ஸில் எழுந்து நின்று, எனக்கு எந்தப் பரீட்சையும் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தேன். தனபால் அந்த நிமிஷமே டிவி சத்தத்தை ஏற்றினார். என் எதிரில் உட்கார்ந்து, தன் சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் மாற்றலாகிப் போகும் நாள் வரை அவர் பேசி முடிக்கவில்லை. மார்கரெட் கதையும் முடியவில்லை. எட்டு மணிக்கு ஒருநாள் நான் சொல்வேன், மறுநாள் வசந்தா சொல்வாள். அவள் கையில் போனதும் மார்கரெட் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலைமையாசிரியையோடு தினமும் சண்டை போட ஆரம்பித்தாள். என் மனைவியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அப்படித்தான். போனை வைத்த பிறகு அறை பழையபடிதான் இருக்கும். அதற்கு மருந்தில்லை.

ஆனால் என் வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு அந்தச் சனிக்கிழமையோடு போயிற்று. கல்லூரியில் நான் நூறு மீட்டர் ஓடினேன் என்றாலும் சரி, காய்கறிக்காரர் என்னை மட்டும் ஏமாற்ற மாட்டார் என்றாலும் சரி, நித்யா உடனே, "அப்பா, கடப்பாக்கம் விடாதீங்க" என்பாள். மெல்ல மெல்ல அது உறவுக்காரர்களிடமும் பரவியது. எங்கள் குடும்பத்தில் பொய் சொல்வதற்கு 'கடப்பாக்கம் விடுவது' என்றே பெயர். அமெரிக்காவில் என் மச்சினனின் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்களாம்.

நித்யாவுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன வருடம் மாப்பிள்ளை எங்கள் எல்லோரையும் மாமல்லபுரம் பார்த்துவிட்டுக் காரில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். கோயமுத்தூர்ப் பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று ஓரமாக வண்டியை நிறுத்தினார். எதிரே பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்.

"மாமா" என்றார் அதிர்ச்சியோடு, "இது நெசமாலுமே ஊருங்களா?"

"ஆமா மாப்ளே. ரெண்டு வருஷம் இங்கதான் இருந்தேன். யாருமே இல்லாம, ரொம்பத் தனியா."

மாப்பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமனாரின் நகைச்சுவைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையான சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு, வண்டியை எடுத்தார்.